பொய்ப்பல்லுக்குக் குட்டை வேர்

கீழ்த்தாடையின் இருபுறமும் கடைவாய்ப் பற்களை இழந்தோர் பலர், கழற்றி மாட்டும் பல்செட்டை வாங்கியும் அணியாது விட்டுவிடுகின்றனர். காரணம் யாது? செட்டின் முன்பகுதியைக் கொக்கிகள் எஞ்சிய பற்களோடு பிணைக்கின்றன. பின்பகுதியோ ஈற்றின்மேல் அமர்கிறது. ஈறு பல்லைவிட மிகுதியாக அமுங்கும். ஆகவே, மெல்லுந்தோறும் செட்டு, கொக்கியிட்ட பல்லை அச்சாகக் கொண்டு ஏற்றமரம் போல் ஏறி இறங்குகிறது. ஈறு புண்படுகிறது, நெம்பப்பட்ட அப்பல்லும் நாளடைவில் தளரக்கூடும்.

டைட்டேனியம் உலோகத்துடன் எலும்பு இறுகப் பிணைவதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் 1952-இல் முயல்களை ஆராய்கையில் கண்டார். 1965-இல் அவர் ஒரு நோயாளியின் தாடையில் இவ்வுலோகத் திருகுகளைப் பதித்தார். இவை செயற்கை வேர்களாகும்.

பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துவிடும். அதனடியே நரம்புக் குழாய் செல்வதால், நீண்ட திருகைப் பதித்தல் ஆபத்து. இத்தகையோர்க்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள குட்டைத் திருகுகள் உதவுகின்றன. பக்கத்திற்கு ஒன்று பதித்தாலும் செட்டின் பின்பகுதி அமுங்காது நிற்கும். எலும்பொட்டுச் சிகிச்சையும் பலருக்குத் தேவைப்படாது. நிலையான பற்களைப் பொருத்துவதைவிடச் செலவும் குறைவு.

எனினும், புகைபிடித்தலும் கட்டுக்கடங்காத நீரிழிவும் திருகு பிணைவதைக் கெடுக்கும். செட்டை இரவில் கழற்றி வைத்து, திருகைச் சுற்றி நாள்தோறும் துலக்குதல் வேண்டும். துலக்காத வேர், செயற்கையாயினும் நிலைக்காது.