மூளை பழுதாகவில்லை

காணாமற்போன கணவரின் விபரங்களைப் பதிய வந்த சகோதரி ஒருவருடன் அலுவலகமொன்றுக்குச் சென்றிருந்தேன். பின்னால் நீண்ட வரிசை. "கெதியாச் சொல்லுங்கோ" என்று உத்தியோகத்தர் சத்தம் போட்டதும், வீட்டில் தடக்காமல் சொன்ன அடையாள அட்டை இலக்கம் வாயில் வரவில்லை. மகனின் பிறந்த திகதியும் தடுமாறியது. "எனக்கு மூளை பழுதாப் போச்சு மிஸ்" என்று வெளியே வந்து அழுதார்.

கேட்டதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே பதிலை யோசிக்க உதவுவது தொழிற்படு நினைவு. பட்லி, ஹிச் என்ற பிரித்தானிய உளவியலாளர்கள் 1974இல் இதனை விளக்கினர். சின்னச் சுளகு போன்றது. ஒரே நேரத்தில் சில விடயங்களே அதில் தங்கும். 'பொய் சொல்கிறேன் என்று நினைப்பாரோ' என்ற பயம் அதில் ஏறிக்கொண்டால் இலக்கத்துக்கு எங்கே இடம்?

எதற்கும் பதகளிக்கும் சுபாவமுள்ளவர்களுக்கு இது கூடுதலாக நிகழும். ஆனால் அவர்களுக்கு மட்டுமல்ல. 2005இல் அமெரிக்காவில் பெய்லொக், கார் ஆகியோர் செய்த ஆய்வில், நெருக்குதலின்போது கணக்கில் சறுக்கியவர்கள் தொழிற்படு நினைவு வலுவாக இருந்தவர்களே! சத்தம் போடுபவர்கள் இதையும் அறிந்திருந்தால் நல்லது.

அடுத்த தடவை எல்லாவற்றையும் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனோம். உத்தியோகத்தர் அன்றும் சத்தம் போட்டார். சகோதரி இலக்கத்தைத் தாளைப் பார்த்து வாசித்தார். மகனின் திகதியைப் பார்க்காமலே சொன்னார்.