தூரம் கூடவில்லை... நேரம் மட்டும் கூடியது ஏன்?

பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர் தூரம். ரஷ்யாவின் சைபீரியா மீது பறந்தால் ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடலாம். ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குக் குறுக்கு வழி என்று சொல்லியே பயணிகளை ஈர்த்தது பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வான்வெளியை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. அன்றிலிருந்து, ஃபின்ஏர் விமானங்கள் வட துருவத்தின் மேலாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிப் போகின்றன. பயணம் சுமார் 13 மணி நேரம்! எரிபொருள் செலவு எகிறியது. விமானிகளும் கூடுதலாகத் தேவைப்பட்டனர். துருவத்தைக் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தது மட்டுமே ஒரு சின்ன ஆறுதல்.

இந்த வழி புதிதல்ல. சோவியத் வான்வெளியைப் பயன்படுத்த முடியாத 1983-லும், ஃபின்ஏர் துருவம் வழியாகத்தான் டோக்கியோவுக்கு இடைநில்லா விமானத்தை இயக்கத் தொடங்கியது. அதன்பிறகு எத்தனையோ நவீன விமானங்கள் வந்துவிட்டன. ஆனாலும், பயண நேரம் 40 வருடங்கள் பின்னோக்கிப் போய்விட்டது.

இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்பதை விமானத்தின் வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. நடுவில் இருக்கும் நாடுகளின் உறவும்தான்!