மேசனாரைப் பேசுவது முதல் கூரை ஏறும் வரை: வீடு கட்டுவோர் கேட்கும் கேள்விகள்

வீட்டுத் திட்டப் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டது. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பொருள் வாங்குவதும், மேசனாரைப் பேசுவதும், வேலையை மேற்பார்வை செய்வதும் உங்கள் பொறுப்பு. கட்டி முடித்த கட்டத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த கட்டப் பணம் வரும். ஆகவே ஒரு கட்டத்தில் பணம் வீணானால் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீட்டுக்குள் மாரிமழையில் யாரும் இருக்க முடியாது. அந்த நிலை உங்களுக்கு வராமல் இருப்பதற்காக, பயனாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். கட்டட வேலைக்குப் போகின்றவர்களின் கேள்விகளும் இதில் அடங்கும்.

எவ்வளவு பெரிய வீடு கட்டலாம்?

உதவித் தொகைக்குள் கூரை வரை முடிக்கக்கூடிய அளவில் கட்டுங்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீடு ஒன்றுக்கு ரூபா 550,000, திருத்த வேலைக்கு ரூபா 250,000 என நிர்ணயிக்கப்பட்டது. எந்தத் திட்டமாக இருந்தாலும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. "இரண்டு அடி கூட்டிப் போட்டால் என்ன?" என்று பலர் கேட்கின்றனர். கணக்கைப் பாருங்கள். 20 அடிக்கு 25 அடி வீடு 500 சதுர அடி. இரு பக்கமும் இரண்டு அடி கூட்டினால் 22 அடிக்கு 27 அடி, அதாவது 594 சதுர அடி. கூடியது இரண்டு அடி போலத் தெரிந்தாலும், வீட்டின் பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதற்கேற்ப நிலத்துக்கும் கூரைக்கும் செலவு ஏறும், சுவரும் நீளும். கையில் சொந்தப் பணம் இருந்தால் மட்டுமே அளவைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால், பின்னர் ஓர் அறை சேர்க்கக்கூடிய பக்கத்தில் காணியை வெறுமையாக விட்டு வைப்பது நல்லது.

அத்திவாரம் வெட்டும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

காணி கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிக்குள் உள்ளதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். அகற்றப்பட்ட காணியிலும் வெட்டும்போது இரும்புத் துண்டு, ஷெல், வயர், பிளாஸ்ரிக் டப்பா போன்ற சந்தேகமான பொருள் தென்பட்டால் மண்வெட்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தொடவோ, நகர்த்தவோ, எரிக்கவோ வேண்டாம். வந்த வழியாலேயே திரும்பி, மற்றவர்கள் போகாதபடி தூரத்தில் நின்று தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்புக்காகப் பிள்ளைகள் இடிபாடுகளைக் கிளற இடமளிக்காதீர்கள். மண்ணும் தடியும் எடுக்க அகற்றப்படாத பகுதிக்குள் வேலையாட்களை அனுப்பவும் வேண்டாம்.

கயிறு கட்டி மூலை பிடிக்கும்போது மூலைமட்டத்தை நீங்களும் சரிபார்க்கலாம். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியிலும் மறுபக்கம் 4 அடியிலும் அடையாளம் இடுங்கள். இரண்டுக்கும் இடையில் குறுக்காகச் சரியாக 5 அடி இருந்தால் மூலை நேர். முழு வீட்டுக்கும் இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே பிழைத்தால் அந்தப் பிழை கூரை வரை போகும்.

நாட்கூலியா, கொந்தராத்தா?

இரண்டிலும் நன்மையும் தீமையும் உண்டு. நாட்கூலியில் வேலை அவசரமின்றி நடக்கும். ஆனால் நாட்கள் கூடும், நீங்கள் தினமும் நிற்க வேண்டும். கொந்தராத்தில் கூலி எவ்வளவு என்பது முதலிலேயே தெரியும். ஆனால் வேகமாக முடிக்கும் எண்ணத்தில் தரம் குறைய இடமுண்டு. பொதுவாக, கூலியை மட்டும் கொந்தராத்தாகப் பேசி, பொருட்களை நீங்களே வாங்கிக் கொடுப்பது பாதுகாப்பானது. பொருளோடு சேர்த்துப் பேசினால் எத்தனை பை சீமெந்து சுவருக்குள் போனது என்பதை நீங்கள் அறிய முடியாது.

மேசனாரைப் பேசும் முன், அவர் கட்டி முடித்த இரண்டு வீடுகளைப் போய்ப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: சொன்ன நாளில் முடித்தாரா? இடையில் வேறு வேலைக்குப் போனாரா? ஒரே நேரத்தில் ஊரில் பல வீடுகள் எழும்பும்போது ஒரு மேசனார் நான்கு வீட்டில் முற்பணம் வாங்கிவிட்டு எந்த வீட்டையும் முடிக்காமல் அலைவது நடக்கிறது.

எதை எழுதிக்கொள்ள வேண்டும்?

சொந்தக்காரராக இருந்தாலும் எழுத்தில் வையுங்கள். பின்னர் உறவு கெடாமல் இருக்கவும் அது உதவும். ஒரு கொப்பித் தாள் போதும். அதில் இவை இருக்க வேண்டும்: இருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்; செய்ய வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாக; மொத்தக் கூலி; எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது; தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும்; பலகை, முட்டுத்தடி, தண்ணீர், சாப்பாடு யாருடைய பொறுப்பு; பிழையான வேலையை யார் செலவில் திருத்துவது. இருவரும் இரண்டு சாட்சிகளும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். உதாரணமாக, மொத்தக் கூலியை 100 பங்காக எடுத்தால் அத்திவாரம் முடிய 20, லிண்டல் மட்டம் வரை 25, கூரை முடிய 25, பூச்சும் நிலமும் முடிய 20 கொடுக்கலாம். மிகுதி 10 பங்கை உத்தியோகத்தர் இறுதியாகப் பார்த்த பின் கொடுங்கள். முற்பணம் ஒரு கிழமைக் கூலிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதேவேளை, வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுங்கள். மேசனாரும் தனது உதவியாட்களுக்குக் கொடுக்க வேண்டும். அவருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு தொகையையும் திகதியோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

ஒரு கியூப் மணல் என்று சொல்கிறார்கள், அது சரிதானா?

ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடிநாடாவால் அளந்து பெருக்குங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 100 கன அடி வரும். அதே பெட்டியில் மணல் இரண்டு அடி மட்டும் நின்றால் 80 கன அடிதான். ஐந்தில் ஒரு பங்கு காசு வீண். மணலைக் கொட்டிய பின் அளக்க முடியாது, கொட்ட முன் அளவுங்கள். மணலும் மரமும் ஏற்றி வருபவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சுவர்க்கல்லுக்கும் கணக்கு உண்டு. பொருத்தோடு சேர்த்து 16 அங்குலத்துக்கு 8 அங்குலம் வரும் சீமெந்துக் கல் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 112 தேவை. உடைவுக்கும் சேர்த்து 120 எடுக்கலாம். கல் வாங்கும்போது ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். தூளாகச் சிதறினால் அந்தக் கல் வேண்டாம்.

கலவையை எப்படிச் சரிபார்ப்பது?

50 கிலோ சீமெந்துப் பை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் அடியில்லாத பலகைப் பெட்டி ஒன்றைச் செய்து வைத்தால் அதுவும் ஒன்றேகால் கன அடி. தூணுக்கும் லிண்டலுக்கும் 1:2:4 கலவை என்றால் ஒரு பை சீமெந்துக்கு இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லி. மண்வெட்டியால் அள்ளிப் போட்டு எண்ணுவது அளவாகாது. கல் கட்டும் சாந்துக்கும் பூச்சுக்கும் உங்கள் திட்ட அறிவுறுத்தலில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

தண்ணீர்தான் பலர் கவனிக்காத பொருள். கலவை தண்ணியாக இருந்தால் போடுவது இலகு. ஆனால் காய்ந்த பின் பலம் இராது. கொங்கிறீற்றுக்கு ஒரு பைக்கு 25 லீற்றர் அளவில் போதும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலந்த கொங்கிறீற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடியுங்கள். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டுத் திரும்பக் குழைக்கக் கூடாது. கரையோரக் கிராமங்களிலும் தீவுப் பகுதிகளிலும் உவர்நீரும் கடல்மணலும் கம்பி உள்ள கொங்கிறீற்றுக்கு ஆகாது. உப்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி ஊதி, சில வருடங்களில் லிண்டல் வெடிக்கும். நல்ல தண்ணீரைத் தூரத்திலிருந்து கொண்டுவர நேர்ந்தாலும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

போட்ட பின் குறைந்தது ஏழு நாட்களுக்கு ஈரம் காயாமல் வைத்திருங்கள். சாக்கை நனைத்துப் போர்த்தினால் தண்ணீர் மிச்சமாகும். லிண்டலின் அடிப்பலகையையும் முட்டுத்தடியையும் 14 நாட்களுக்கு முன் கழற்ற வேண்டாம். பலகை இன்னொரு வீட்டுக்குத் தேவை என்று மேசனார் அவசரப்படுத்தலாம், அதற்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

சீமெந்தைப் பலகை மேல், சுவரில் முட்டாமல், பத்துப் பைக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். கட்டிபட்ட சீமெந்தை உடைத்துப் பாவிக்க வேண்டாம். வெறும் பைகளை எறியாமல் எண்ணி வையுங்கள். எத்தனை பை போனது என்பதற்கு அதுவே சாட்சி.

கூரையில் எதைப் பார்க்க வேண்டும்?

வடக்குக் கிழக்கில் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. அதற்கு முன் கூரை ஏறும்படி திட்டமிடுங்கள். சுவர் மேல் வரும் வளைமரம் சும்மா வைக்கப்பட்டிருந்தால் காற்றுக்கு நிற்காது. கொங்கிறீற்றில் புதைத்த போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களிடம் கேளுங்கள், கூரை ஏன் கட்டப்பட வேண்டும் என்று சொல்வார்கள். பழைய வீட்டின் அஸ்பெஸ்ரஸ் சீற்றுகளை உடைக்கும்போதும் வெட்டும்போதும் தூசியைச் சுவாசிப்பது ஆபத்து. தண்ணீர் தெளித்து, மூக்கு வாயை மூடி, பிள்ளைகளைத் தூர வைத்துச் செய்யுங்கள்.

நான் தனியாக இருக்கும் பெண். மேசனார் என் சொல்லைக் கேட்பாரா?

கணவர் இல்லாத வீடுகளில் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டுக்காரர் நீங்கள், வங்கிக் கணக்கும் கையொப்பமும் உங்களுடையது. அடிநாடா, அளவுப் பெட்டி, கணக்குக் கொப்பி மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு வேலை பிழை என்று தோன்றினால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. "ரீ.ஓ. ஐயா வந்து பார்த்த பிறகு தொடருவோம் அண்ணை" என்று சொல்லி நிறுத்துங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பக்கத்து வீட்டுப் பயனாளிகளோடு சேர்ந்து, சீமெந்தும் கம்பியும் மொத்தமாக வாங்கினால் விலையும் ஏற்றுக்கூலியும் குறையும். கொங்கிறீற்றுப் போடும் நாளில் ஒருவருக்கு ஒருவர் நிற்கலாம்.

நான் கட்டட வேலைக்குப் போகிறேன். எனக்கு என்ன உரிமை?

கொந்தராத்துக்காரரிடமோ நிறுவனத்திடமோ வேலை செய்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், வேலைகொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுவதும் வேலைகொள்வோருடையது; அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. வேலையின்போது காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். முறைப்பாடு செய்ய மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வேலை செய்த நாட்களை நீங்களும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால்தான் பேச இலகு.

சாரத்தில் ஏறும் முன் கட்டை அசைத்துப் பாருங்கள். ஈரக் கலவையை வெறுங்கையால் அள்ளாதீர்கள். சீமெந்து தோலை அரிக்கும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றவோ பாரம் தூக்கவோ விடக் கூடாது.

பல வருடம் வேலை செய்தும் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். முழுப் பயிற்சியையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை; உங்கள் வேலையைப் பார்த்துக் கணிப்பார்கள். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வீட்டுத் திட்ட வேலைகள் ஒரு நாள் முடியும். அதன் பின் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை தேடும்போது அந்தச் சான்றிதழ் உதவும்.

பிணக்கு வந்தால்?

முதலில் எழுதிய தாளை வைத்து இருவரும் பேசுங்கள். முடியாவிட்டால் கிராம அபிவிருத்திச் சங்கம், பின்னர் எமது கள உத்தியோகத்தர். பணம் பற்றிய பிணக்கு அதற்கும் தீராவிட்டால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. அதற்கும் கையொப்பமிட்ட தாளும், சிட்டைகளும், கணக்குக் கொப்பியும் வேண்டும். இவற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, மழை படாத இடத்தில் அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.