குழந்தையின் முறிந்த கை

குழந்தையின் எலும்பு முதிர்ந்தோரின் எலும்பைப் போன்றதன்று. அதில் வளையும் தன்மை மிகுதி. அதன் மேலுறையும் தடித்தது. ஆகவே குழந்தையின் முன்கை எலும்பு பல வேளைகளில் பச்சைக் கொம்பு போல ஒருபுறம் பிளந்து, மறுபுறம் வளைந்து நிற்கும். இத்தகைய முறிவுகளுட் பெரும்பாலானவை மாவுக்கட்டில் சில வாரங்களிற் கூடிவிடும்.

முழங்கைக்குச் சற்று மேலே நேரும் முறிவோ அவ்வளவு எளியதன்று. குழந்தைகளின் முழங்கை முறிவுகளுள் இதுவே அதிகம். மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ விழும் குழந்தை கையை நீட்டி ஊன்றும்போது இது உண்டாகிறது. ஐந்து முதல் ஏழு வயதில் மிகுதியாகக் காணப்படும். முறிந்த முனைக்கு அருகிலேயே கைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியும், விரல்களை இயக்கும் நரம்புகளும் செல்கின்றன. ஆபத்து இங்கேதான் உள்ளது.

ஆதலின் அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க அனுப்புமுன் மணிக்கட்டில் நாடி பார்க்கிறார்; நகத்தை அழுத்திவிட்டு, வெளிறிய இடத்தில் இரத்தம் இரண்டு வினாடிக்குள் திரும்புகிறதா என்று நோக்குகிறார். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் வட்டமாகச் சேர்க்குமாறு குழந்தையிடம் சொல்வதும் ஒரு சோதனையே. வட்டம் அமையாவிடின் நரம்பு ஊறுபட்டிருக்கலாம். நோவு தணிக்கும் மருந்தை, படம் வரும்வரை காத்திராமல், எடைக்கேற்ற அளவில் கொடுத்தல் முறை. நோவு தணிந்த குழந்தையே சோதனைக்கு இணங்கும்.

இறுகக் கட்டிய கட்டு, முறிவினும் கொடிய தீங்கை விளைவிக்கும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை மடிந்து, விரல்கள் மடங்கி நிலைத்துவிடுவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன் 1881-இல் விளக்கினார். மூங்கிற் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் பல ஊர்களில் உண்டு. கட்டியபின் நோவு ஏறிக்கொண்டே போவதும், மடங்கிய விரலைப் பிறர் நிமிர்த்தும்போது குழந்தை துடிப்பதும் எச்சரிக்கைக் குறிகள். நாடி துடிப்பதனால் மட்டும் ஆபத்தில்லை எனக் கருதலாகாது. இரத்தமின்றி ஆறு மணி நேரம் கடந்தால் தசை மீளாக் கேடுறக்கூடும்.

பெற்றோர் செய்யத்தக்கவை சிலவே. எண்ணெய் தேய்த்து உருவுதலும் இழுத்துப் பார்த்தலும் வேண்டா. வீக்கம் ஏறுமுன் வளையல், மோதிரம், கைக்கயிறு ஆகியவற்றை அகற்றுக. கையை இருந்த நிலையிலேயே துணியால் தளர்வாகத் தாங்கச் செய்க. மயக்க மருந்து தேவைப்படலாமாதலால் உணவும் நீரும் கொடாது, கடைசியாக உண்ட நேரத்தை மருத்துவரிடம் கூறுக. விலகிய எலும்பை மருத்துவர் நேர்ப்படுத்தி மெல்லிய கம்பிகளால் நிறுத்துவார். மூன்று நான்கு வாரங்களில் அவை எடுக்கப்படும். காலம் தாழ்த்தாது கொணரப்படும் குழந்தையின் கை, பெரும்பாலும் முன்போலவே எழுதவும் விளையாடவும் பயன்படும்.