ஸ்பெக்ட்ரம் கணினியின் புறக்கூடு மாற்றம்

ஸ்பெக்ட்ரம் கணினியின் புறக்கூடு மாற்றம் என்பது, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் பழைய வீட்டுக் கணினியின் மின்சுற்றுப் பலகையை அதன் முதற் கூட்டிலிருந்து எடுத்து, பழுது நீக்கி, தேவையான மாற்றங்களைச் செய்து, வேறொரு கூட்டில் பொருத்தும் பொழுதுபோக்கு முயற்சி ஆகும். 1980களில் நல்ல விசைப்பலகை வேண்டும் என்பதே இம்மாற்றத்துக்கு முதன்மைக் காரணமாக இருந்தது. தற்காலத்தில் பழுதான கணினியை மீண்டும் இயக்குதல், அதனை இன்றைய தொலைக்காட்சியுடன் இணைத்தல், கணினியின் உள்ளமைப்பைக் கற்றல் ஆகியனவும் காரணங்களாக உள்ளன. இக்கணினியின் சில உறுப்புகள் இப்பொழுது உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆகவே எதனை மாற்றலாம், எதனைத் தொடாமல் விடவேண்டும் என்பது இத்துறையின் முதன்மையான கேள்வி ஆகும்.

பின்னணி

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய சின்க்ளேர் ரிசர்ச் நிறுவனத்தால் 1982 ஆம் ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள் அறிமுகப்படுத்தப்பட்டது. 16 கிலோபைட்டு நினைவகம் கொண்ட வகை 125 பவுண்டுக்கும், 48 கிலோபைட்டு வகை 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டன. ரிச்சர்ட் ஆல்ட்வாசர் இதன் வன்பொருளையும், ஸ்டீவ் விக்கர்ஸ் இதன் நிலையான நினைவகத்திலுள்ள பேசிக் மொழி நிரலையும், ரிக் டிக்கின்சன் இதன் புறத்தோற்றத்தையும் வடிவமைத்தனர். 3.5 மெகாஹெர்ட்சு வேகத்தில் இயங்கும் இசட்80ஏ செயலி இதில் உள்ளது. திரைக்காட்சி, விசைப்பலகை, ஒலி, ஒலிநாடா ஆகியவற்றைக் கவனிக்கும் வேலை முழுவதும் ஃபெராண்டி நிறுவனம் தயாரித்த யூஎல்ஏ என்னும் ஒரே சில்லில் அடக்கப்பட்டது. விலை குறைந்தமைக்கு இச்சில்லு ஒரு முக்கிய காரணம் ஆகும்.

1986 ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்கணினியின் உரிமையை ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது. உற்பத்தி 1992 இல் நிறுத்தப்பட்டது. எல்லா வகைகளும் சேர்ந்து 50 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின.

கூடும் பலகையும்

ஸ்பெக்ட்ரத்தின் முதற் கூடு 233 மில்லிமீட்டர் நீளமும் 144 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இதன் 40 விசைகளும் ஒரே இரப்பர் விரிப்பில் வார்க்கப்பட்டவை. விரிப்பின் அடியில் மின்கடத்தும் கோடுகள் அச்சிட்ட நெகிழி மென்படலம் உள்ளது. இவ்வமைப்பு மலிவானது, எனினும் நெடுநேரம் தட்டச்சு செய்வதற்கு ஏற்றதன்று.

கூடு வேறு, பலகை வேறு என்ற எண்ணம் பொழுதுபோக்காளர்களால் மட்டும் தோன்றியதன்று. டிகேட்ரானிக்ஸ், புல்லர், சாகா முதலிய நிறுவனங்கள் 1980களிலேயே ஸ்பெக்ட்ரத்துக்கெனத் தனி விசைப்பலகைகளை விற்றன. இவற்றுள் சில, கணினிப் பலகையை உள்ளே வைத்து மூடும் முழுக் கூடுகளாக இருந்தன. 1984 ஆம் ஆண்டில் சின்க்ளேர் நிறுவனமே 58 கடின விசைகள் கொண்ட புதிய கூட்டில் ஸ்பெக்ட்ரம்+ என்னும் வகையை வெளியிட்டது. உள்ளிருந்த பலகை பழைய 48 கிலோபைட்டுக் கணினியில் இருந்ததே ஆகும். பழைய கணினி வைத்திருந்தோர் தாமே கூடு மாற்றிக்கொள்வதற்கான உறுப்புத் தொகுதியையும் அந்நிறுவனம் விற்றது. எனவே இன்று செய்யப்படும் புறக்கூடு மாற்றம், தயாரிப்பாளரே தொடங்கிவைத்த ஒரு வழக்கத்தின் தொடர்ச்சி எனலாம்.

திறப்பதற்கு முன்

கூடு மாற்றும் முன் கணினி இயங்குகின்றதா என்று அறிதல் வேண்டும். இயங்காத பலகையைப் புதிய கூட்டில் பொருத்திய பின்னர் பழுது தேடுவது கடினம். பழுது முன்பே இருந்ததா, மாற்றத்தின்போது நேர்ந்ததா என்பதும் தெரியாது போகும்.

முதலில் மின்வழங்கியைச் சோதிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் மின்செருகியில் நடுமுனை எதிர்மின் முனையாகும். இன்று கிடைக்கும் பெரும்பாலான மின்வழங்கிகளில் நடுமுனை நேர்மின் முனையாக உள்ளது. எனவே 9 வோல்ட்டு என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வேறொன்றைச் செருகினால் பலகை பழுதாகலாம்.

நல்ல நிலையிலுள்ள கணினியை இயக்கியதும் அது தன் நினைவகத்தைச் சோதித்துவிட்டு, 1982 என்னும் ஆண்டு குறித்த காப்புரிமை வரியைத் திரையின் அடியில் காட்டும். மேல் நினைவகத்தில் பழுது இருந்தாலும் இவ்வரி தோன்றக்கூடும். பழுதான முகவரிக்கு முன்பு வரை உள்ள நினைவகத்தை மட்டும் கணினி பயன்படுத்திக்கொள்ளும். இதனை அறிய, 23732 ஆம் முகவரியிலுள்ள எண்ணுடன் 23733 ஆம் முகவரியிலுள்ள எண்ணின் 256 மடங்கைக் கூட்டி, பேசிக் மொழியில் அச்சிட்டுப் பார்க்கலாம். முழு 48 கிலோபைட்டும் இயங்கினால் 65535 என்றும், 16 கிலோபைட்டு மட்டும் இயங்கினால் 32767 என்றும் விடை வரும்.

கூட்டின் அடியிலுள்ள 5 திருகாணிகளை நீக்கினால் மேல்மூடி திறக்கும். மூடியையும் பலகையையும் இணைக்கும் இரு மென்படலப் பட்டைகள் முதுமையால் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். மூடியை விரைவாகத் தூக்கினால் அவை முறிந்துவிடும். விசைகளைச் சுற்றியுள்ள உலோக முகத்தகடு ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டது. பெயர்த்தெடுக்கும்போது எளிதில் வளைந்துவிடும். வளைந்த தகட்டை முழுமையாக நேராக்குதல் அரிது.

பலகையில் கைவேலை போலத் தோன்றும் எல்லாவற்றையும் முந்தைய உரிமையாளரின் வேலை என்று கருதலாகாது. முதற் பதிப்புப் பலகைகளில் யூஎல்ஏ சில்லின் பிழையை ஈடுசெய்யக் கூடுதல் சில்லு ஒன்று தொழிற்சாலையிலேயே தலைகீழாக இணைக்கப்பட்டது. இரண்டாம் பதிப்பில் செயலியின் கால்களுக்குக் குறுக்கே ஒரு திரிதடையம் சேர்க்கப்பட்டது. இவற்றை நீக்கினால் கணினி ஒழுங்காக இயங்காது.

பொதுவான மாற்றங்கள்

மின்வழங்கல்: வெளியிலிருந்து வரும் 9 வோல்ட்டை 7805 என்னும் சீராக்கி 5 வோல்ட்டாகக் குறைக்கின்றது. மிகுதி ஆற்றல் வெப்பமாக வெளியேறுகின்றது. மின்னோட்டம் 1 ஆம்பியர் எனக் கொண்டால், 4 வோல்ட்டு வேறுபாட்டில் 4 வாட் வெப்பம் உண்டாகும். ஸ்பெக்ட்ரம் மிகவும் சூடாவதற்கு இது ஒரு காரணமாகும். அதே மூன்று கால்கள் கொண்ட நிலைமாற்று வகைச் சீராக்கியைப் பொருத்தினால் இவ்வெப்பம் பெருமளவு குறையும். நீண்டகாலம் கிடந்த கணினிகளில் மின்பகு மின்தேக்கிகள் உலர்ந்தோ கசிந்தோ இருக்கும். அவை புதியனவற்றால் மாற்றப்படுகின்றன.

நினைவகம்: கீழ் 16 கிலோபைட்டுக்கான எட்டு 4116 சில்லுகளுக்கு +5, +12, −5 ஆகிய மூன்று மின்னழுத்தங்கள் தேவை. பலகையிலுள்ள சிறிய மாற்றிச் சுற்று இவற்றுள் பின்னிரண்டையும் உண்டாக்குகின்றது. இச்சுற்றின் டிஆர்4 என்னும் திரிதடையம் பழுதாதல் ஸ்பெக்ட்ரத்தில் அடிக்கடி காணப்படும் குறையாகும். −5 வோல்ட்டு நின்றுவிட்ட நிலையில் கணினியைத் தொடர்ந்து இயக்கினால் நினைவகச் சில்லுகளும் அழியக்கூடும். ஆகவே சில்லுகளை மாற்றுமுன் மின்னழுத்தங்களை அளப்பதே சரியான வரிசை ஆகும். 4116 சில்லின் 1 ஆம் காலில் −5, 8 ஆம் காலில் +12, 9 ஆம் காலில் +5 வோல்ட்டு இருத்தல் வேண்டும். மின்சாரம் உள்ளபோது பின்புற விரிவு முனையில் எதனையும் செருகுவதும் பிடுங்குவதும் இப்பழுதுக்குக் காரணமாவதுண்டு.

திரைக்காட்சி: ஸ்பெக்ட்ரம் தன் படத்தைத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றாகவே வெளியிடுகின்றது. அதற்கான பண்பேற்றி ஓர் உலோகப் பெட்டிக்குள் உள்ளது. பெட்டிக்குள் செல்லும் காம்போசிட் வீடியோ குறிகையை நேரடியாக வெளிச்செருகிக்குக் கொண்டுவந்தால் படம் தெளிவாகும்; அலைவரிசை தேடும் தேவையும் இல்லை. இதற்குப் பண்பேற்றியின் இணைப்புகளைக் கழற்றி, ஒரு கம்பியை இடம் மாற்றினால் போதும். புதிய துளை எதுவும் தேவைப்படாததால் இது மிகப் பரவலான மாற்றமாக உள்ளது.

விசைப்பலகை: 40 விசைகளும் 8 வரி, 5 நிரல் கொண்ட அணியாக அமைந்துள்ளன. ஆகவே 13 கம்பிகள் இருந்தால் எந்தப் பொத்தான்களையும் கொண்டு புதிய விசைப்பலகை செய்யலாம். அம்புக்குறி விசை போன்றவற்றுக்கு இரு தொடுகைகள் ஒருங்கே இணைய வேண்டும். எடுத்துக்காட்டாக, இடது அம்பு என்பது கேப்ஸ் ஷிப்ட் விசையும் 5 ஆம் எண் விசையும் சேர்ந்ததே ஆகும். ஸ்பெக்ட்ரம்+ வகையில் இதற்கெனவே பல அடுக்கு மென்படலம் பயன்பட்டது.

புதிய கூடு

மரம், அக்ரிலிக் தகடு, முப்பரிமாண அச்சு ஆகியவற்றால் கூடுகள் செய்யப்படுகின்றன. பழைய அளவிலேயே புதிதாக வார்த்த கூடுகளும் பல நிறங்களில் விற்கப்படுகின்றன. கூட்டை வடிவமைப்போர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

* வெப்பம்: முப்பரிமாண அச்சில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ நெகிழி ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சீராக்கியின் அலுமினியத் தகடு அதனைத் தொடலாகாது. மேலும் கீழும் காற்றுத் துளைகள் தேவை.
* செருகிகள்: மின்செருகி, ஒலிநாடாச் செருகிகள், தொலைக்காட்சிச் செருகி, விரிவு முனை ஆகிய யாவும் பலகையின் பின்விளிம்பில் உள்ளன. இவற்றின் இடத்தை அளந்த பின்னரே கூட்டை வெட்ட வேண்டும். விரிவு முனையை மூடிவிட்டால் எஸ்டி அட்டை இணைப்பி போன்ற கருவிகளைப் பயன்படுத்த இயலாது.
* மின்காப்பு: உலோகக் கூட்டில் பலகையின் அடிப்புறம் கூட்டைத் தொடாதவாறு நெகிழித் தாங்கிகள் வைக்க வேண்டும்.
* வீட்டு மின்சாரம்: முதற் கணினியில் மின்வழங்கி வெளியே இருந்தது. பெரிய கூட்டில் இடம் உள்ளது என்பதற்காக அதனை உள்ளே வைத்தால், தொட்டால் உயிருக்கு ஊறு விளைக்கும் மின்னழுத்தம் கூட்டுக்குள் வரும். பயிற்சி இல்லாதோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

மீளத்தக்க மாற்றமும் மீளாத மாற்றமும்

பழைய கணினிகளில் மாற்றம் செய்வது குறித்து ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு சாரார், இக்கணினிகள் தம் காலத்தின் சான்றுகள் என்பதால் அவை வந்தவாறே காக்கப்பட வேண்டும் என்பர். மற்றொரு சாரார், இயங்காது அலமாரியில் இருக்கும் கணினி யாருக்கும் எதனையும் கற்பிப்பதில்லை என்பர்.

இவ்விவாதத்துக்கு நடைமுறைப் பொருள் உண்டு. யூஎல்ஏ சில்லு இப்பொழுது உற்பத்தியில் இல்லை. தனிச் சில்லாக விற்கப்பட்ட இசட்80 செயலிக்கான கொள்முதல் ஆணைகளைப் பெறுவதையும் சைலாக் நிறுவனம் 2024 ஆம் ஆண்டு சூனில் நிறுத்தியது. ஒருவர் தவறாகச் சூடேற்றிப் பாழாக்கும் பலகை, உலகில் எஞ்சியுள்ள பலகைகளுள் ஒன்றைக் குறைக்கின்றது. மறுபுறம், பழுதென்று ஒதுக்கப்பட்ட பலகைகள் பல இத்தகைய ஆர்வலர்களாலேயே மீண்டும் இயங்குகின்றன.

இவ்விரு நோக்குகளுக்கும் இடைப்பட்ட வழி, மீளத்தக்க மாற்றங்களை மட்டும் செய்வதாகும். சீராக்கியை மாற்றுதல், மின்தேக்கிகளை மாற்றுதல், பண்பேற்றியின் கம்பியை இடம் மாற்றுதல், புதிய கூட்டுக்கு மாற்றுதல் ஆகியன மீளத்தக்கவை. பழைய கூட்டில் துளையிடுதல், பலகையின் செப்புத் தடங்களை வெட்டுதல், விரிவு முனையை அறுத்தல் ஆகியன மீளாதவை. சில்லை மாற்ற நேர்ந்தால் நேரடியாகப் பற்றாசு வைக்காமல் சில்லுத் தாங்கி பொருத்துவது நல்லது. அடுத்த முறை பலகையைச் சூடேற்ற வேண்டியதில்லை. கழற்றிய கூடு, விசை விரிப்பு, திருகாணிகள், பழைய உறுப்புகள் ஆகியவற்றைப் பெயர் குறித்துப் பாதுகாத்தலும், செய்த மாற்றங்களை எழுதிக் கூட்டுக்குள்ளேயே வைத்தலும் அடுத்து அக்கணினியைப் பெறுவோருக்கு உதவும்.

மாற்று வழிகள்

முதற் கணினியைத் தொடாமலே இப்பொழுதுபோக்கில் ஈடுபடவும் இயலும். கிறிஸ் சுமித் யூஎல்ஏ சில்லின் உள்ளமைப்பை ஆராய்ந்து 2010 இல் நூலாக வெளியிட்டார். அச்சில்லின் வேலையை எளிதில் கிடைக்கும் தருக்கச் சில்லுகளைக் கொண்டு செய்யும் ஹார்லெக்வின் என்னும் பலகையும் அவர் ஆய்விலிருந்து உருவானதே. இதனைப் பழைய அளவிலுள்ள கூட்டில் பொருத்தலாம். 2017 இல் பொதுமக்கள் நிதி திரட்டித் தொடங்கப்பட்ட ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்னும் புதிய கணினியின் கூட்டையும் ரிக் டிக்கின்சனே வடிவமைத்தார். அவர் 2018 ஆம் ஆண்டு ஏப்ரலில் காலமானார். கணினி 2020 இல் வாங்கியோர் கைக்குச் சேர்ந்தது.

புதிய பலகையைப் பழைய வடிவக் கூட்டில் வைப்பதும், பழைய பலகையைப் புதிய கூட்டில் வைப்பதும் இன்று ஒருங்கே நடைபெறுகின்றன. பற்றாசு வைக்கக் கற்கும் மாணவர்கள் புதிய பலகைகளிலும் மலிவான பயிற்சிப் பலகைகளிலும் பழகிய பின்னர் பழைய கணினியைத் திறப்பது விரும்பத்தக்கது.