கழுகு வேட்டை ஓவியத்தில் மறைந்துபோன மனிதன்

பறவை ஓவியம் என்றால் கண்ணுக்கு இனிமையான காட்சி என்றுதான் பலரும் எண்ணுவர். அமெரிக்க ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1833ஆம் ஆண்டில் தீட்டிய 'பொன்னிறக் கழுகு' அப்படிப்பட்டதன்று.

வெள்ளை முயலொன்றைக் கவ்விக்கொண்டு கழுகு மேலே எழும்புகிறது. அதன் கூரிய நகம் முயலின் கண்ணைத் துளைத்திருக்கிறது. பின்னணியில் பனிமலைகள். ஓவியத்தின் கீழ்ப்பகுதியில், பள்ளத்தின் குறுக்கே கிடக்கும் மரத்தின்மீது, ஒரு சிறிய மனிதன் ஊர்ந்து செல்கிறான். அவன் முதுகில் வேட்டையாடிய பறவை ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அம்மனிதன் ஆடுபன்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஏன் தம்மையே அவர் அங்கே வரைந்தார்? விடை அந்த ஓவியம் உருவான கதையில் இருக்கிறது.

நரிக்காக வைக்கப்பட்ட பொறியில் சிக்கிய அக்கழுகை ஆடுபன் போஸ்டன் நகரில் உயிருடன் வாங்கினார். முதல் நாள் அதன் அசைவுகளைக் கவனித்தார். மறுநாள் எந்த நிலையில் வரைவது என்று முடிவு செய்தார். மூன்றாம் நாள், அதிக வலியின்றி எப்படிக் கொல்வது என்று யோசித்தார். கரிப்புகையால் மூச்சடைக்க வைத்தும் கழுகு சாகவில்லை. நிமிர்ந்து நின்று அவரையே பார்த்தது. இறுதியில் கூரிய எஃகுக் கம்பியை அதன் நெஞ்சில் பாய்ச்சினார். இவற்றையெல்லாம் அவரே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். இந்த ஓவியத்திற்காக உழைத்தபோது அவர் கடுமையாக நோயுற்றார்.

நிழற்படக் கருவி இல்லாத காலம் அது. பறவையைக் கொன்று, கட்டம் போட்ட பலகையில் கம்பிகளால் பொருத்தி, உயிருள்ளதுபோல் நிற்கவைத்து வரைவதே ஆடுபனின் முறை. 1827 முதல் 1838 வரை லண்டனில் வெளிவந்த 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பின் 435 படங்களில் பறவைகள் அவற்றின் உண்மையான அளவிலேயே காட்டப்பட்டுள்ளன.

ஆனால், கழுகுப் படம் அச்சாகி வந்தபோது அந்தச் சிறிய மனிதனைக் காணவில்லை! கழுகின் வேட்டை மட்டுமே எஞ்சியது. மூல ஓவியம் 1863ஆம் ஆண்டில் ஆடுபனின் மனைவி லூசியிடமிருந்து நியூயார்க் வரலாற்றுக் கழகத்தின் கைக்குச் சென்றது. அம்மனிதன் இன்றும் அதில் இருக்கிறான்.

கழுகு பசிக்காக முயலைக் கொன்றது. மனிதனோ ஒரு படத்துக்காகக் கழுகைக் கொன்றான். ஒரே தாளில் இரண்டு வேட்டைகள். அச்சுப் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.