எண்ணெய் மீது இறக்குமதி வரி: வித்து விளைவித்தவருக்குச் சேருவது எவ்வளவு?

வெளிநாட்டு எண்ணெய் மீது வரி உயர்ந்தால், உள்நாட்டு எண்ணெய் வித்துகளின் விலையும் உடனே உயரும் என்று விவசாயிகள் பலர் எதிர்பார்க்கின்றனர். இது நியாயமான எதிர்பார்ப்பே. நம் நாடு ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன் சமையல் எண்ணெயை இறக்குமதி செய்கிறது. மொத்தத் தேவையில் இது பாதிக்கும் மேல். ஆனால் வரி உயர்வு கடைக்குப் போய்ச் சேரும் வேகத்தில் களத்து மேட்டுக்கு வருவதில்லை.

2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. துறைமுகத்தில் கிலோ 100 ரூபாய் மதிப்புள்ள எண்ணெய், வரியுடன் சேர்த்து முன்பு 105 ரூபாய் 50 காசு. பின்பு 127 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 22 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம் ஆதலால், லிட்டருக்கு 20 ரூபாய் எனக் கொள்ளலாம்.

அப்போது குறைந்த வரியில் வந்த எண்ணெய் சுமார் 30 லட்சம் டன் இருப்பில் இருப்பதாகவும், அது 45 முதல் 50 நாட்களுக்குப் போதும் என்றும், அது தீரும் வரை விலையை உயர்த்த வேண்டாம் என்றும் மத்திய அரசு எண்ணெய் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. எனினும் சில வாரங்களுக்குள்ளாகவே சில்லறை விலை ஏறிவிட்டது. நேற்று வாங்கிய விலையைவிட நாளை வாங்க வேண்டிய விலையை வைத்தே வணிகர் கணக்கிடுகிறார். வரி குறையும்போது மட்டும் பழைய சரக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது!

இணைய வழிக் கடைகளில் இது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலையைத் தொட வேண்டியதில்லை. அதற்கும் கீழே கொடுத்து வந்த தள்ளுபடியைக் குறைத்தாலே போதும். பாக்கெட்டின் எடையைக் குறைத்து, விலையை அப்படியே வைத்திருப்பது மற்றொரு வழி. ஆகவே எண்ணெய் வாங்குவோர் நிகர எடையையும், பாக்கெட்டில் அச்சிடப்படும் அலகு விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

விவசாயியின் கணக்கு வேறு. 100 கிலோ சோயா மொச்சையில் கிடைக்கும் எண்ணெய் சுமார் 18 கிலோதான். மேற்சொன்ன 22 ரூபாய் உயர்வு முழுவதும் விவசாயிக்கே கிடைத்தாலும், குவிண்டாலுக்கு 396 ரூபாய்க்கு மேல் கூடாது. மீதி பெரும்பகுதி பிண்ணாக்கு. அதன் விலை சரிந்தால், எண்ணெயில் ஏறியது இங்கே இறங்கிவிடும். 2024 இறுதியில் நடந்தது இதுவே. எத்தனால் ஆலைகளில் மக்காச்சோளம், அரிசியிலிருந்து மிஞ்சும் உலர்ந்த சக்கை மலிவான தீவனமாக வந்து, சோயாப் பிண்ணாக்குக்குப் போட்டியாயிற்று. வரி உயர்ந்த பின்னரும் மத்தியப் பிரதேசச் சந்தைகளில் சோயா, ஆதார விலையான 4,892 ரூபாய்க்குக் கீழேயே விற்றது.

நிலக்கடலைக்கு நிலைமை சற்று மேல். 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பும், அதிலிருந்து ஏறத்தாழ 30 கிலோ எண்ணெயும் பெறலாம். ஆயினும் கடலெண்ணெய் விலை பாமாயிலின் பின்னால் அப்படியே ஓடுவதில்லை.

2025 மே இறுதியில் கச்சா எண்ணெய் வரி 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 சதவீதமே நீடித்தது. இந்த இடைவெளியால் உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வேலை கூடும். வித்து விளைவிப்போருக்கு நேரடிப் பயன் இல்லை. மேலும், மானாவாரி விதைப்புக்கு முன்னால், ஒன்பது மாதத்திற்குள் வரியை இப்படி மாற்றினால், எந்தப் பயிரை நம்பி விதைப்பது?

ஆகவே வரிச் செய்தியை மட்டும் நம்பிச் சரக்கை இருப்பு வைப்பது சரியல்ல. எண்ணெய், பிண்ணாக்கு இரண்டின் விலையையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கேட்டறிந்த பின் முடிவு செய்ய வேண்டும். இருப்பு வைப்பதாயின் நிலக்கடலைக் காயை ஈரப்பதம் 8 சதவீதத்திற்கு மேல் போகாதவாறு நன்கு உலர்த்திக் கட்ட வேண்டும். ஈரக் காயில் பூசண நச்சு ஏறிவிட்டால், விலை உயர்ந்தாலும் வாங்க ஆள் இராது.